பட்டமரத்தின் குடிகள்

காட்டுயிர்களைப் பற்றிய பேச்சில் பாலூட்டிகளும் பறவைகளுமே முன்னிற்கின்றன என்றாலும், எந்தக் காட்டிலும் இனங்களின் எண்ணிக்கையில் அவை சிறுபான்மையே. இலையைத் தின்பவை, பட்டைக்கடியில் குடைபவை, செத்தையை மட்கச் செய்பவை, பிற பூச்சிகளின் உடலில் முட்டையிடுபவை என்று பலவாறாகப் பிரிந்து வாழும் பூச்சிகளே பெரும்பான்மை. இவற்றுள் எவை ஒரு காட்டில் நிலைக்கும், எவை மறையும் என்பதை மழையும் வெயிலும் மட்டும் முடிவு செய்வதில்லை. அக்காட்டை நிர்வகிப்பவர்கள் எந்த மரத்தை வெட்டுகிறார்கள், எந்த வயதில் வெட்டுகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, செத்த மரத்தை என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அது அமைகிறது. இந்த உறவை நெருங்கி ஆராய்ந்த நாடுகளில் ஜெர்மனி, பின்லாந்து, ஸ்வீடன் ஆகியவை முதன்மையானவை. காட்டைக் கணக்கிட்டு வளர்க்கும் கலையை உலகுக்குக் கற்பித்த ஜெர்மானிய மண்ணிலேயே அந்தக் கலையின் விலையும் கணக்கிடப்பட்டு வருகிறது.

சாக்சனியின் சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு வேண்டிய மரம் தீர்ந்துபோகும் என்ற அச்சத்தில், காடு வளரும் அளவுக்கு மேல் அதை வெட்டக்கூடாது என்ற கொள்கையை 1713இல் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தினார். அடுத்த நூற்றாண்டில் தாரண்ட் நகரில் ஹைன்ரிஹ் கோட்டா நடத்திய வனப்பள்ளி போன்றவை அக்கொள்கையைக் கணித முறையாக வளர்த்தெடுத்தன. ஒரே வயதுள்ள ஸ்புரூஸ் அல்லது பைன் மரங்கள் பரந்த பரப்பில் வளர்க்கப்பட்டு, இடையிடையே கலைத்துவிடப்பட்டு, குறித்த வயதில் ஒருசேர வெட்டப்பட்டன. இம்முறையில் ஒரு மரம் முதுமையடைந்து தானாகச் சாவதற்கு இடமே இல்லை. அப்படிச் செத்தாலும் அது வருவாய் இழப்பாகவும் பூச்சிகளின் உறைவிடமாகவும் கருதப்பட்டு உடனுக்குடன் அகற்றப்பட்டது.

காட்டுப் பூச்சியியலும் இதே மனப்பாங்கில்தான் வளர்ந்தது. எபர்ஸ்வால்டே வனக்கல்லூரியில் பணியாற்றிய யூலியஸ் ராட்செபுர்க் 1837 முதல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட காட்டுப் பூச்சிகள் பற்றிய நூல், மரத்துக்கு நன்மை செய்பவை எவை, தீங்கு செய்பவை எவை என்று வன அதிகாரியின் கண்கொண்டு பூச்சிகளைப் பார்த்தது. அந்தப் பார்வை இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்ற டீட்ரிஹ் பிராண்டிஸும், அவருக்குப் பின் வந்த ஷ்லிஹ், ரிப்பென்ட்ரோப் ஆகிய இருவரும் ஜெர்மானியர்களே. 1914இல் வனப் பூச்சியியலாளர் ஸ்டெப்பிங் எழுதிய நூல் பொருளாதார முக்கியத்துவமுள்ள இந்தியக் காட்டுப் பூச்சிகளைப் பற்றியது என்பது அதன் தலைப்பிலேயே உள்ளது. 1941இல் அதே துறையினரான பீசன் வெளியிட்ட பெருநூலோ பூச்சிகளின் சூழலியலை விரிவாகப் பேசியபோதிலும் அவற்றைக் கட்டுப்படுத்துவதையும் தன் நோக்கமாகக் கொண்டது. இதை வெறும் குறையாகச் சொல்வது நியாயமாகாது. சால் மரத்தைத் துளைக்கும் வண்டு 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில் பெருகி இலட்சக்கணக்கான மரங்களைத் தாக்கியபோது, புதிதாக வெட்டிய சால் துண்டுகளின் பட்டையை நசுக்கிப் போட்டு, கசியும் சாற்றின் மணத்துக்குத் தேடிவரும் வண்டுகளைக் கையால் பிடித்து அழிக்கும் முறையே கைகொடுத்தது. அம்முறை இந்தப் பூச்சியியல் மரபு தந்தது. ஆனால் பகைப்பூச்சிகளின் பட்டியலில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான இனங்கள் காட்டில் என்ன செய்கின்றன என்ற கேள்வியை அந்த மரபு நெடுநாள் எழுப்பவில்லை.

அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தவர்களை முதலில் ஈர்த்தது பட்டமரம். ஸ்புரூஸ் மரம் ஒன்று புயலில் சாய்ந்தவுடன், அதன் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள சத்து மிகுந்த மென்படலத்தை நாடிப் பட்டை வண்டுகளும் நீள்கொம்பு வண்டுகளும் வருகின்றன. இந்தப் படலம் ஓரிரு கோடைகளுக்குள் தீர்ந்துவிடும் உணவாதலால் முந்திக்கொள்ளும் இனங்களுக்கே அது கிடைக்கிறது. இவற்றைத் தின்ன எறும்பின் சாயலுள்ள வேட்டை வண்டுகள் பின்தொடர்கின்றன. தம் இரை தன் இனத்தை அழைக்க வெளியிடும் மணத்தையே மோப்பம் பிடித்து வந்துசேரும் திறமை அவற்றுக்கு உண்டு. மரத்துக்குள் ஆழமாகக் குடைந்திருக்கும் புழுவைப் பட்டைக்கு வெளியிலிருந்தே கண்டறிந்து, தன் உடலைவிட நீண்ட ஊசி போன்ற உறுப்பைக் கட்டைக்குள் செலுத்தி, அந்தப் புழுவின் மேல் முட்டையிடும் குளவிகளும் இக்கட்டத்தில் வருகின்றன. பூஞ்சையின் வித்துகளைத் தன் உடலிலேயே சுமந்துவந்து, குடைந்த சுரங்கத்தின் சுவரில் பயிரிட்டு, அந்தப் பூஞ்சையைத் தன் புழுக்களுக்கு உணவாக்கும் வண்டினமும் ஒன்றுண்டு.

பட்டை உரிந்து விழுந்தபின் குடிகள் மாறுகின்றன. பூஞ்சைகள் கட்டையைப் பிடித்து வெளியே தட்டுப் போன்ற காளான்களாக நீட்டும்போது, அக்காளானை மட்டுமே உண்ணும் வண்டுகள் வருகின்றன. கட்டை உளுத்து விரல்பட்டால் உதிரும் பதத்தை அடையும்போது வேறு சில இனங்கள் குடிபுகுகின்றன. இந்த வரிசை முடியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். நின்றபடியே செத்த மரமும் தரையில் கிடக்கும் மரமும், வெயிலில் காயும் அடிமரமும் நிழலில் ஈரமாகக் கிடக்கும் கிளையும் வெவ்வேறு இனங்களுக்கு இடம் தருகின்றன. இவை எல்லாவற்றிலும் அரிதானது உயிருள்ள முதிய மரத்தின் பொந்து. ஐரோப்பாவின் பழைய ஓக் மரப் பொந்துகளில் சேரும் மரத்தூளில் சில ஆண்டுகள் புழுவாக வாழ்ந்து வளரும் துறவி வண்டு, பெரும்பாலும் தான் பிறந்த மரத்தை விட்டு வெளியேறுவதே இல்லை என்பதை ஸ்வீடனில் நடந்த ஆய்வுகள் காட்டின. வெளியேறுபவையும் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே அடுத்த பொந்தைத் தேடிக்கொள்கின்றன. ஓக் மரத்தில் அத்தகைய பொந்து உருவாக நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், இருக்கும் மரங்கள் விழுவதற்கும் அடுத்த தலைமுறை மரங்கள் பொந்துவிடுவதற்கும் இடையே இடைவெளி ஏற்பட்டால் அந்த வட்டாரத்தில் வண்டு அற்றுப்போகும்.

இவ்வாறு மட்கும் மரத்தையோ, அதில் வளரும் பூஞ்சையையோ, அதில் வாழும் பிற உயிரையோ நம்பி வாழ்க்கையின் ஒரு பகுதியையேனும் கழிக்கும் இனங்களை மட்குமரச் சார்பினங்கள் எனலாம். பின்லாந்தில் மட்டும் இவை ஏறத்தாழ 4,000 முதல் 5,000 வரை உள்ளன என்றும், அந்நாட்டுக் காட்டினங்களில் இவை ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை என்றும் ஆய்வாளர் யூஹா சீட்டோனன் 2001இல் தொகுத்துக் காட்டினார். கோடரி படாத தென்பின்லாந்துப் பழங்காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 90 முதல் 120 கன மீட்டர் வரை மட்குமரம் கிடக்க, நிர்வகிக்கப்பட்ட காட்டில் அது 2 முதல் 10 கன மீட்டர் வரை மட்டுமே இருந்தது. பச்சைப் பசேலென்று நெருங்கி நிற்கும் மரங்களைக் கண்டு காடு செழித்திருப்பதாக மகிழும் பார்வையாளர், தரையில் நிகழ்ந்துள்ள இந்த வறுமையைக் கவனிப்பதே இல்லை.

இத்தகைய கணக்குகளுக்குப் பின்னால் உள்ள உழைப்பு சலிப்பூட்டும் அளவுக்குப் பெரிது. தரையில் ஊர்பவற்றுக்கு, விளிம்பு மண்மட்டத்தோடு சமமாக இருக்குமாறு குவளைகளைப் புதைக்கும் குழிப்பொறி போதும். பறப்பவற்றுக்கு, கண்ணுக்குப் புலப்படாத பிளாஸ்டிக் பலகையைத் தொங்கவிட்டு, அதில் மோதி விழுபவற்றைப் புனலில் பிடிக்கும் தடுப்புப் பொறி வேண்டும். கூடார வடிவிலான மலேஸ் பொறியோ, 1930களில் பர்மாவில் பூச்சி சேகரித்த ஸ்வீடன் நாட்டவரான ரெனே மலேஸ், தம் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேலேறி உச்சி மூலையில் சேர்வதைக் கண்டு உருவாக்கி 1937இல் வெளியிட்டது. எந்தக் கட்டையிலிருந்து எந்த இனம் பிறக்கிறது என்று அறிய வேண்டுமானால் கட்டையையே வலையால் மூடிக் காத்திருக்க வேண்டும். பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சிக்குப் பூச்சிக்கொல்லிப் புகையிட்டு ஏறத்தாழ 1,200 வண்டினங்களைச் சேகரித்து, வெப்பமண்டலக் காடுகளில் மட்டும் 3 கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று 1982இல் கணித்தார். பிற்காலக் கணிப்புகள் அந்த எண்ணை ஒரு கோடிக்கும் கீழே இறக்கிவிட்டன. ஆயினும் காட்டுப் பூச்சிகளை எண்ணத் தொடங்காமலேயே இருந்த அறிவியலை உலுக்கியெழுப்பிய பெருமை அதற்கு உண்டு.

பொறியில் விழுந்தவற்றை இனம் பிரிப்பதுதான் கடினமான வேலை. சில வண்டுகளை இனங்காண அவற்றின் இனப்பெருக்க உறுப்பையே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவிலும் குறைந்து வருகிறார்கள். பூச்சிக் கலவையின் மரபணுத் துணுக்குகளைப் படித்து இனங்களைப் பட்டியலிடும் முறை இப்போது பரவி வருகிறது என்றாலும், அதில் இனங்களின் பெயர் கிடைக்கும் அளவுக்கு அவற்றின் எண்ணிக்கை நம்பகமாகக் கிடைப்பதில்லை. பொறியில் சேர்ந்த எண்ணிக்கையை அப்படியே காட்டின் நிலையாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. வெயில் படும் இடத்தில் பூச்சி சுறுசுறுப்பாக அலைவதால், அங்கே குறைவாக இருந்தும் அதிகமாகச் சிக்கக்கூடும்.

பட்டமரத்தை என்ன செய்வது என்ற கேள்வி பொதுமக்களின் சண்டையாக மாறிய இடம், செக் நாட்டு எல்லையை ஒட்டிய பவேரியக் காடு. 1970இல் ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த மலைக்காட்டில் 1983 ஆகஸ்ட் 1 அன்று வீசிய புயல் ஏராளமான ஸ்புரூஸ் மரங்களைச் சாய்த்தது. வழக்கப்படி அவற்றை அறுத்தெடுத்துச் செல்வதற்கு மாறாக, பூங்காவின் மையப் பகுதியில் கிடப்பவற்றைக் கிடந்தபடியே விட்டுவிட வேண்டும் என்று பவேரிய வேளாண்மை, வன அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான் முடிவெடுத்தார். பூங்காவின் தலைவரான ஹான்ஸ் பிபெல்ரீதரும் அதே கருத்தினர். சாய்ந்த மரங்களில் பெருகியது எட்டுப்பல் பட்டை வண்டு. ஐந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வண்டின் ஆண் முதலில் பட்டையைத் துளைத்து நுழைந்து, ஃபெரமோன் எனப்படும் ஈர்ப்பு மணத்தை வெளியிட்டுத் தன் இனத்தைத் திரட்டுகிறது. நலமாக இருக்கும் ஸ்புரூஸ் மரம் பிசினைப் பொங்கவிட்டுத் துளைக்கும் வண்டுகளை அதில் மூழ்கடித்துவிடும் என்பதால், வண்டுகள் குறைவாக இருக்கும்வரை சாய்ந்த மரமும் நோயுற்ற மரமுமே அவற்றுக்கு வாய்க்கும். எண்ணிக்கை ஓர் அளவைக் கடந்தால் நலமான மரத்தின் பிசினும் போதாது. 1990களின் நடுவில் அது நடந்தது. பூங்காவிலுள்ள லூசன் மலையைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஸ்புரூஸ் காடு சாம்பல் நிறக் கம்பங்களாக நின்றது.

வட்டார மக்கள் கொதித்தெழுந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பராமரித்த காட்டை அரசே கண்ணெதிரில் சாகவிடுவதாக அவர்கள் கருதியதில் வியப்பில்லை. சுற்றியுள்ள தனியார் காடுகளுக்கு வண்டு பரவும் என்ற அச்சமும் நியாயமானதே. 1997இல் பூங்காவின் பரப்பு 24,000 ஹெக்டேருக்கு மேல் விரிவாக்கப்பட்டபோது எதிர்ப்பு உச்சத்தை அடைந்தது. இதற்குக் காணப்பட்ட இணக்கம், பூங்காவின் ஓரத்தில் குறைந்தது 500 மீட்டர் அகலமுள்ள பட்டியில் வண்டு பிடித்த மரங்களை உடனே வெட்டி அகற்றுவதும், உட்பகுதியைத் தலையிடாமல் விடுவதுமாகும். அறிவியலைவிட இந்த எல்லைப் பட்டியே பூங்காவைக் காப்பாற்றியது என்று சொன்னாலும் மிகையாகாது.

உட்பகுதியில் நிகழ்ந்தவை பலரது எதிர்பார்ப்பைப் பொய்யாக்கின. பட்டமரங்களுக்கிடையே ஸ்புரூஸ் கன்றுகள் நடுவாரின்றியே அடர்ந்து முளைத்தன. மேற்கூரை திறந்து வெயில் தரையை எட்டியதும், வண்டுகளும் குளவிகளும் நாவாய்ப்பூச்சிகளும் உள்ளிட்ட பல குழுக்களில் இனங்களின் எண்ணிக்கை கூடியது. அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் உள்ள பலவும் அவற்றுள் அடங்கும். நீரோடைகளில் நைட்ரேட்டின் அளவு சில ஆண்டுகளுக்கு உயர்ந்தும், குடிநீருக்கான வரம்பைத் தாண்டவில்லை. பூங்காவின் பூச்சியியலாளர் யோர்க் முல்லரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, காட்டின் பகைவனாகவே அறியப்பட்ட பட்டை வண்டை, எண்ணற்ற பிற இனங்களின் வாழ்விடத்தை உருவாக்கும் ஆதார இனமாக மறுமதிப்பீடு செய்தது. தேசியப் பூங்காவுக்குப் பொருந்தும் இம்மதிப்பீட்டை மரம் விற்றுப் பிழைக்கும் காட்டுக்கு அப்படியே பொருத்துவதை அந்த ஆய்வாளர்களே விரும்பமாட்டார்கள்.

இனங்களின் எண்ணிக்கை கூடியது என்று கேட்டவுடன் காடு நலமாகிவிட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஒரு பரப்பிலுள்ள மரங்களையெல்லாம் ஒரேயடியாக வெட்டும் முழுவெட்டுக்குப் பின் மேற்குக் கனடாவின் வடகாடுகளில் தரைவண்டுகளை ஆராய்ந்த நியெமெலா, லாங்கோர், ஸ்பென்ஸ் ஆகியோர், வெட்டவெளி இனங்கள் உடனே குடியேறுவதால் பட்டியல் நீள்வதையும், முதிர்காட்டுக்கே உரிய இனங்கள் 27 ஆண்டுகள் கடந்த இடங்களில்கூடத் திரும்பி வராததையும் 1993இல் காட்டினார்கள். பட்டியல் நீண்டாலும், எங்கும் கிடைப்பவை வந்து வேறெங்கும் கிடைக்காதவை போயின என்பதே அங்கு நடந்தது. இதன் தொடர்ச்சியாக அல்பர்ட்டாவின் வடமேற்கில் 1990களின் இறுதியில் தொடங்கிய பெருஞ்சோதனையில், வெட்டும்போது மரங்களில் 10, 20, 50, 75 விழுக்காடு என்று வெவ்வேறு அளவில் விட்டுவைத்துப் பார்த்தபோது, தரைவண்டுக் கூட்டம் காட்டின் சாயலை இழக்காதிருக்கப் பாதிக்கு மேல் விட்டுவைக்க வேண்டியிருந்தது. பத்தில் ஒரு மரத்தை விட்டுவைத்துப் பல்லுயிர் காத்ததாக அறிக்கை எழுதும் பழக்கத்துக்கு இது இடைஞ்சலான முடிவு.

மறுபுறம், சிறுசிறு அளவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முதிர்ந்த மரங்களை எடுத்து, எல்லா வயது மரங்களும் கலந்திருக்கச் செய்வதே இயற்கைக்கு நெருங்கிய முறை என்ற நம்பிக்கையும் அசைக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஹைனிஹ் வட்டாரத்தில் பீச் காடுகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், எல்லா வயதும் கலந்த காட்டைவிட, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வயதாக அமைந்த காடுகளே வட்டார அளவில் அதிக இனங்களைத் தாங்கின. கலப்புக் காடு எங்கு பார்த்தாலும் ஒரே சீரான நிழலாக இருக்க, துண்டுக் காட்டிலோ இளங்காட்டின் வெயிலும் முதிர்காட்டின் இருளும் அடுத்தடுத்து அமைந்து, இரண்டையும் நாடும் இனங்களுக்கு இடம் கிடைத்ததே காரணம்.

வெயிலைப் போலவே தீயும் பல பூச்சிகளுக்குத் தேவை. கரும்பொன்வண்டு ஒன்றின் மார்பின் அடியில் வெப்பக் கதிர்களை உணரும் குழிகள் உள்ளன. காட்டுத்தீயைத் தேடிப் பறந்துவரும் அது, அனல் தணிவதற்குள் கருகிய மரத்தின் பட்டையில் முட்டையிட்டுவிடுகிறது. தீயைத் திறமையாக அணைக்கத் தொடங்கிய நாடுகளில் இத்தகைய இனங்கள் அருகின. ஆகவே ஸ்வீடனில் நிறுவனங்கள், வெட்டிய பரப்பில் ஒரு சிறு பங்கை வேண்டுமென்றே எரிக்கின்றன. மர உற்பத்திக்கும் சூழல் காப்புக்கும் சம இடம் கொடுத்து 1993இல் அந்நாடு தன் வனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அறுவடை இயந்திரம் சில மரங்களை மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் வெட்டி நெடுங்கட்டையாக நிற்கவிடுவது வழக்கமாயிற்று. வெயில் படும் அந்தக் கட்டைகளை நாடிவரும் வண்டினங்கள் பல; ஆனால் நிழலும் ஈரமும் நாடும் இனங்களுக்கும், பொந்தை நாடும் இனங்களுக்கும் அவற்றால் பயனில்லை.

எவ்வளவு மட்குமரம் போதும் என்று மரம் வெட்டுபவர் கேட்பது முறையான கேள்வி. யோர்க் முல்லரும் ரீட்டா பியூட்லரும் ஐரோப்பிய ஆய்வுகளைத் திரட்டி 2010இல் தந்த விடை, வடகாட்டு ஊசியிலை மரங்களிடையே ஹெக்டேருக்கு 20 முதல் 30 கன மீட்டர், மலைக் கலப்புக் காட்டில் 30 முதல் 40, தாழ்நில ஓக், பீச் காட்டில் 30 முதல் 50 என்பதாகும். வட பவேரியாவின் எப்ராஹ் வனக்கோட்டத்தில், விற்பனைக்கான அடிமரத்தை எடுத்துக்கொண்டு, விறகுக்கு மட்டுமே பயன்படும் உச்சியையும் கிளைகளையும் காட்டிலேயே விட்டுவிடும் எளிய ஏற்பாட்டால் சில ஆண்டுகளிலேயே மட்குமரத்தின் அளவை உயர்த்த முடிந்தது. ஆனால் அளவு ஒன்றே போதாது என்பதைப் பவேரியக் காட்டில் செய்த சோதனைகள் உணர்த்தின: ஒரே வகைக் கட்டையை ஓரிடத்தில் குவிப்பதைவிட, பல மரவகைகளின் பருத்ததும் மெலிந்ததுமான துண்டுகளை, குறிப்பாக வெயில் படும் இடங்களில் இடும்போது கூடுதல் வண்டினங்கள் வந்தன.

இவை அரிய வண்டுகளைச் சேகரிப்பவர்களின் கவலை மட்டுமல்ல. ஆறு கண்டங்களில் 55 இடங்களில் கட்டைகளைச் சிலவற்றை வலைக்கூண்டுக்குள்ளும் சிலவற்றைத் திறந்தும் வைத்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளியானது; உலகக் காடுகளின் மட்குமரத்திலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் கரிமத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு பூச்சிகளின் உழைப்பால் நிகழ்கிறது என்று அது மதிப்பிட்டது. அந்த உழைப்பாளர்களோ குறைந்து வருகிறார்கள். ஜெர்மனியின் மூன்று வட்டாரங்களில் 2008 முதல் 2017 வரை நடந்த கணக்கெடுப்பில், புல்வெளிகளில் மட்டுமின்றிக் காடுகளிலும் சரிவு தெரிந்தது; ஆண்டுதோறும் பார்வையிட்ட காடுகளில் பூச்சிகளின் மொத்த எடை 41 விழுக்காடும் இனங்களின் எண்ணிக்கை 36 விழுக்காடும் சரிந்திருந்தன.

2018இல் தொடங்கிய கடும் வறட்சி மத்திய ஐரோப்பாவின் ஸ்புரூஸ் காடுகளைப் பிசின் சுரக்கவும் வலுவற்றவையாக்கியதால் பட்டை வண்டு மீண்டும் பெருகியது. செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் செத்த மரங்களை விரைந்து வெட்டியெடுக்கும் மீட்பு வெட்டு பெருமளவில் நடந்தது. அத்தகைய வெட்டு மட்குமரச் சார்பினங்களைக் கடுமையாகப் பாதிக்கிறது என்பதை உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளின் தொகுப்பு 2018இல் காட்டியிருந்தது. வண்டைக் கட்டுப்படுத்தியே தீரவேண்டிய இடங்களுக்கென்று பவேரியக் காட்டில் சோதிக்கப்பட்ட ஒரு நடுவழி, சாய்ந்த மரத்தின் பட்டையை முழுதாக உரிக்காமல் நீளவாக்கில் நெருக்கமான கீறல்களைப் போடுவதாகும். கீறிய பட்டை காய்ந்துவிடுவதால் அதனடியில் பட்டை வண்டின் புழு பிழைப்பதில்லை. பட்டையை முழுதாக உரித்த மரங்களில் பூஞ்சைகளும் பிற வண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் பெரிதும் குறைந்துபோக, கீறப்பட்ட மரங்களில் அவை பெரும்பாலும் நிலைத்திருந்தன. இதற்கு ஆகும் செலவும் உரிப்பதைவிடக் குறைவு என்பதால், பூங்காவின் ஓரப் பட்டியில்கூடச் சாய்ந்த மரத்தைத் தூக்கிச் செல்லாமல் அங்கேயே கிடக்கவிட இம்முறை வழிசெய்கிறது.